விடை சொல்லாமல் வழிநடத்துவது எப்படி? புதிய குழுத் தலைவர்களுக்கு கோச்சிங்

குழுவில் ஒருவர் சிக்கலோடு வந்து நிற்கிறார். உங்களுக்கு விடை தெரியும். சொல்லிவிட்டால் வேலை முடியும். ஆனால் அடுத்த முறையும் அவர் உங்களிடமே வருவார். அந்த விடையைக் கொஞ்சம் அடக்கிவைத்து, அவரே யோசித்து முடிவெடுக்கும்படி கேள்வி கேட்பதுதான் கோச்சிங். 1980களில் பிரிட்டனில் உருவாகி, ஜான் விட்மோர் பரவலாக்கிய ‘குரோ’ (GROW) முறை தொடக்கத்துக்கு நல்லது. இலக்கு, நிலவரம், வழிகள், உறுதி என்று அதில் நான்கு கட்டங்கள்.

1. நேரம் ஒதுக்குங்கள்
தனியாக அரை மணி நேரம் போதும். சம்பள உயர்வு, ஆண்டு மதிப்பீடு பற்றிய பேச்சை இதில் கலக்காதீர்கள். மதிப்பெண் போடுகிறவரிடம் யாரும் மனம் திறப்பதில்லை.

2. இலக்கைக் கேளுங்கள்
“பேசி முடிக்கும்போது எது தெளிவாகியிருக்க வேண்டும்?” இந்த ஒரு கேள்வி போதும்.

3. நிலவரத்தைத் தோண்டுங்கள்
பெரும்பாலும் சிக்கல் இங்கேதான் அவிழும், அதனால் அவசரப்படாதீர்கள். மாத அறிக்கை தாமதமாகிறது என்று வைத்துக்கொள்வோம். “மற்ற பிரிவினர் தகவலே தருவதில்லை” என்பார். அது அவருடைய தீர்ப்பு. நடந்தது என்ன என்பது இன்னும் தெரியவில்லை. “கடைசியாக யாரிடம் கேட்டீர்கள்? எப்படி? என்ன பதில் வந்தது?” என்று கேளுங்கள். எல்லோருக்கும் பொதுவாக, தேதி குறிப்பிடாமல் ஒரு மெயில் போட்டதோடு சரி என்பது அவருக்கே அப்போது புரியலாம்.

‘ஏன்’ என்ற சொல்லில் கவனம் தேவை. மூல காரணம் தெரியும்வரை ‘ஏன்’ என்று அடுத்தடுத்துக் கேட்கும், டொயோட்டாவில் பிறந்த ‘ஐந்து ஏன்’ முறை இயந்திரக் கோளாறுக்கும் செயல்முறைக்கும் அருமையாகப் பொருந்தும். ஆளைப் பார்த்து அடுக்கினால் விசாரணை ஆகிவிடும். “எது தடுத்தது?” என்று கேட்டுப் பாருங்கள். கேட்ட பிறகு பேசாமல் இருங்கள். அந்த மௌனத்தில்தான் அவர் யோசிக்கிறார்.

4. வழிகளைப் பெருக்குங்கள்
முதலில் வரும் யோசனையோடு நிறுத்தாதீர்கள். “வேறு என்ன செய்யலாம்?” என்று குறைந்தது மூன்று வழிகள் வரும்வரை கேளுங்கள். அப்புறம் வேண்டுமானால் உங்கள் யோசனையையும் அவற்றில் ஒன்றாகச் சேருங்கள்.

5. உறுதி வாங்குங்கள்
என்ன செய்யப்போகிறார், எந்தத் தேதிக்குள் என்பதை அவர் கையாலேயே எழுதட்டும். அந்தத் தேதியில் மறக்காமல் விசாரியுங்கள். நீங்கள் மறந்தால் அவரும் மறப்பார்.

6. குழுவுக்கு விரியுங்கள்
ஒருவர் தன் சிக்கலைச் சொல்ல, மற்றவர்கள் முதல் பத்து நிமிடம் கேள்வி மட்டும் கேட்கட்டும்; அறிவுரை கூடாது. சிறு குழுவாக உண்மையான சிக்கல்களைத் தீர்த்தபடியே கற்பதற்கு பிரிட்டிஷ் பேராசிரியர் ரெஜ் ரெவன்ஸ் உருவாக்கிய செயல்வழிக் கற்றலிலும் (action learning) கேள்விக்கே முதலிடம். கூட்டத்தை நடத்தும் பொறுப்பை ஒவ்வொரு முறையும் வேறொருவருக்குக் கொடுங்கள். அதிகம் பேசாதவரின் தலைமைத் திறன் வெளிப்படுவதற்கு இதைவிட நல்ல வாய்ப்பு எனக்குத் தெரியவில்லை.

எப்போது வேண்டாம்?
பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் கேள்வி கேட்டுக்கொண்டிருக்காமல் நேராக உத்தரவிடுங்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு மென்பொருளே தெரியாது என்றால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். தெரியாத ஒன்றை அவரிடமே கேட்டுக்கொண்டிருந்தால் அவருக்குச் சங்கடம்தான் மிஞ்சும்.