அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலை ஹட்டனில் இருந்து பின்தொடர்வது எப்படி?

டியூஷன் வகுப்பில் அரசியல் விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்கிற கேள்வி இதுதான்: "சேர், கூட வாக்கு எடுத்தவர் எப்படித் தோற்கிறார்?" 2016இல் ஹிலாரி கிளின்டன் ஏறத்தாழ 29 இலட்சம் வாக்குகள் கூடுதலாக எடுத்தார், ஆனால் வெள்ளை மாளிகைக்குப் போனவர் டொனால்ட் ட்ரம்ப். நல்ல கேள்வி. நம்முடைய ஜனாதிபதித் தேர்தலை மனதில் வைத்துக்கொண்டு அவர்களுடையதைப் பார்ப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது.

அதனால் முதலில் நம்மூர்க் கணக்கை ஒதுக்கி வையுங்கள். இங்கே நாடு முழுவதும் ஒரே கூடை. நுவரெலியா-மஸ்கெலியாவில் விழுந்த வாக்கும் யாழ்ப்பாணத்தில் விழுந்த வாக்கும் ஒன்றாகக் கொட்டப்பட்டு, பாதிக்கு மேல் எடுத்தவர் வெல்கிறார். யாரும் எடுக்காவிட்டால், 2024இல் பார்த்தோமே, விருப்பு வாக்குகளை எண்ணுகிறார்கள். அமெரிக்காவில் ஒரே கூடை கிடையாது. 50 மாநிலங்கள், அதோடு தலைநகர் வாஷிங்டன், ஆக 51 தனித்தனிக் கூடைகள். ஒவ்வொன்றுக்கும் தேர்வாளர்கள், அதாவது மக்கள் வாக்கின்படி கடைசியில் ஜனாதிபதிக்கு வாக்களிக்கிறவர்கள், இத்தனை பேர் என்று ஒரு எண்ணிக்கை உண்டு: கலிபோர்னியாவுக்கு 54, டெக்சாஸுக்கு 40, சின்ன வயோமிங்குக்கு 3. மொத்தம் 538, அதில் 270 எடுத்தால் ஜனாதிபதி.

இதைப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்வேன். நுவரெலியா மாவட்டத்துக்குப் பாராளுமன்றத்தில் 8 ஆசனம். நாளைக்கு ஒரு சட்டம் வந்து, மாவட்டத்தில் ஒரே ஒரு வாக்கு கூடுதலாக எடுத்த கட்சிக்கு அந்த எட்டும் போய்விடும் என்றால் எப்படி இருக்கும்? அமெரிக்காவில் 48 மாநிலங்களிலும் வாஷிங்டனிலும் அப்படித்தான் நடக்கிறது. மேய்ன், நெப்ராஸ்கா இரண்டு மட்டும் பிரித்துக் கொடுக்கின்றன. ஒரு மாநிலத்தில் 30 இலட்சத்தால் வென்றாலும் 300ஆல் வென்றாலும் கிடைப்பது ஒன்றுதான், அங்கேதான் கிளின்டனின் கூடுதல் வாக்குகள் பயனில்லாமல் போயின. 2000இல் ப்ளோரிடாவை ஜோர்ஜ் புஷ் வென்றது வெறும் 537 வாக்கால்; அந்த 537தான் ஒரு ஜனாதிபதியைத் தீர்மானித்தது.

சரி, இனி ஒரு தாளை எடுங்கள். 51 கூடைகளையும் பார்க்கத் தேவையில்லை, பெரும்பாலானவை எந்தப் பக்கம் சாயும் என்று முன்பே தெரியும். 2024இல் எல்லோரும் கவனித்த ஏழு மாநிலங்களை மட்டும் எழுதுங்கள்: பென்சில்வேனியா 19, வட கரோலினா 16, ஜோர்ஜியா 16, மிச்சிகன் 15, அரிசோனா 11, விஸ்கொன்சின் 10, நெவாடா 6. அந்த ஏழு மாநிலங்களையும் ட்ரம்ப் எடுத்தார், முடிவு 312க்கு 226. அடுத்த தேர்தலில் இந்தப் பட்டியல் கொஞ்சம் மாறலாம், ஆனால் பார்க்கும் முறை இதேதான்.

அடுத்த வாக்களிப்பு 2028 நவம்பர் 7, செவ்வாய்க்கிழமை. நவம்பரில் அவர்களுடைய கிழக்குக் கரையைவிட நாம் பத்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால், இரவு கண் விழிக்க வேண்டாம், தூங்குங்கள். புதன் விடியற்காலை நாலரைக்கு முதல் சாவடிகள் மூடும். கொழுந்துக்குப் போகிறவர்கள் பெயர் கொடுக்கிற பிரட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில் கிழக்கு மாநிலங்களின் முடிவுகள் வந்துகொண்டிருக்கும், கலிபோர்னியா மூடும்போது நமக்குக் காலை ஒன்பதரை. ஆரம்பத்தில் முன்னுக்கு நிற்பவரைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். தபால் வாக்கு நம் நாட்டில் முதலில் வரும், அங்கே சில மாநிலங்களில் அது கடைசியில்தான் எண்ணி முடியும். 2020இல் செவ்வாய் வாக்களித்து, சனிக்கிழமைதான் ஜோ பைடன் வென்றதாகச் செய்தி வந்தது. அதைச் சொன்னதும் ஊடகங்கள்தான். நம் தேர்தல்கள் ஆணைக்குழு மாதிரி முழு நாட்டுக்கும் முடிவை அறிவிக்கிற ஓர் அமைப்பு அங்கே இல்லை. மாநிலங்கள் உறுதிப்படுத்தி, டிசம்பரில் தேர்வாளர்கள் வாக்களித்து, ஜனவரி 6 அவர்களுடைய பாராளுமன்றமான காங்கிரஸில் எண்ணி, ஜனவரி 20 நண்பகல் பதவியேற்பு. 269க்கு 269 என்று சமமாகிவிட்டால் காங்கிரஸின் இரு சபைகளில் ஒன்றான பிரதிநிதிகள் சபை தேர்ந்தெடுக்கும், மாநிலத்துக்கு ஒரே ஒரு வாக்கு, கலிபோர்னியாவுக்கும் ஒன்று வயோமிங்குக்கும் ஒன்று.

ஆள் வந்த பிறகு என்ன செய்யலாம் என்பதிலும் நம் ஜனாதிபதியை நினைத்துப் பார்த்தால் வழி தவறிவிடும். முக்கியமான வித்தியாசம், அமெரிக்க ஜனாதிபதியால் காங்கிரஸைக் கலைக்க முடியாது, ஒரு நாளும் முடியாது. இங்கே 2018இல் மைத்திரிபால சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்து, அது அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது ஞாபகம் இருக்கும். அங்கே அப்படி ஒரு வழக்குக்கே இடமில்லை.

அதனால் "அமெரிக்க ஜனாதிபதி அதைச் செய்தார்" என்று செய்தி வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். கையெழுத்து மட்டும் போட்டாரா? அப்படியானால் அது நிறைவேற்று ஆணை, அடுத்தவர் வந்து இன்னொரு கையெழுத்தில் நீக்கிவிடலாம். ஆளை நியமிக்கிறாரா? அமைச்சர், தூதுவர், நீதிபதி என்றால் காங்கிரஸின் மற்றச் சபையான செனட் சம்மதிக்க வேண்டும், வெளிநாட்டு உடன்படிக்கைக்கு அங்கே மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். காசு சம்பந்தப்பட்டதா? அப்போது சாவி காங்கிரஸிடம். படைகளுக்கு அவர்தான் தளபதி, போர்ப் பிரகடனம் செய்யும் அதிகாரமோ காங்கிரஸுக்கு. சட்டமூலத்தை அவர் நிராகரித்தால் இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்து அதை மீறலாம்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் கட்டுநாயக்கவில் தைக்கிற நம் பிள்ளைகளை நினைக்க வேண்டும். நம் ஆடைகளை அதிகம் வாங்குகிற நாடு அமெரிக்கா. 2025 ஏப்ரலில் இலங்கைப் பொருட்களுக்கு 44 சதவீத வரி என்று ட்ரம்ப் அறிவித்து, ஆகஸ்டில் அது 20ஆக இறங்கியது. இடைப்பட்ட மாதங்களில் லயத்து வீடுகளில் எத்தனை தாய்மார் மகளின் வேலை என்னாகும் என்று பயந்தார்கள் என்பதை நான் பார்த்தேன். வரி காங்கிரஸின் அதிகாரம் ஆயிற்றே, ஜனாதிபதி எப்படிப் போட்டார் என்ற கேள்வி அவர்களுடைய உயர் நீதிமன்றம் வரை போனது.

கடைசியாக ஒரு விஷயம். என் அப்பாயி 1947 தேர்தலில் வாக்களித்தவர். 1948 குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்து வந்த சட்டங்களும் அந்த உரிமையைப் பறித்ததால் 1952இல் அவருக்கு வாக்கு இல்லை. வாஷிங்டன் நகர மக்களுக்கும் 1961 திருத்தத்துக்குப் பிறகுதான் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு கிடைத்தது. போர்ட்டோ ரிக்கோத் தீவில் பிறப்பவர்கள் அமெரிக்கக் குடிமக்கள், ஆனால் அங்கே வாழும் வரைக்கும் இன்றும் அந்த வாக்கு கிடையாது. அதனால் வகுப்பில் வரைபடம் வரையும்போது அந்தத் தீவையும் ஓரத்தில் வரையச் சொல்வேன், குடியரசுக் கட்சி வென்ற மாநிலங்களுக்குச் சிவப்பும் ஜனநாயகக் கட்சி வென்றவற்றுக்கு நீலமும் தீட்டிவிட்டு அதை மட்டும் வெள்ளையாக விடுங்கள்.