ஸ்கிரிப்ட் பாதியில் செத்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடர

மாரி தொடங்கிவிட்டால் மட்டக்களப்புப் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் விடிய விடியத் தரவு இறக்கும் ஸ்கிரிப்ட் நிற்கவே கூடாது என்று மெனக்கெடாமல், எந்த நொடியில் நின்றாலும் திரும்ப ஓடவிட்டால் மிச்சத்தை மட்டும் எடுக்கும்படி எழுதுங்கள்.

நாசாவின் பவர் (POWER) என்ற வானிலைத் தரவுத் தளத்தில் 1981இலிருந்து நாளாந்த மழை அளவு கிடைக்கிறது. அதை வாகரை, உன்னிச்சை, பொத்துவில் என்று சில இடங்களுக்கு எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். (கிட்டக்கிட்ட உள்ள ஊர்களைப் போட்டுப் பிரயோசனமில்லை. அதன் கட்டம் பெரியது, கல்முனைக்கும் சம்மாந்துறைக்கும் ஒரே மழைதான் வரும்.)

முதலில் எஸ்கியூலைட்டில் (ஒரே பைலில் அடங்கும் சிறு தரவுத்தளம்) ஒரு வேலை அட்டவணை: ஓர் இடம், ஓர் ஆண்டு, ஒரு வரி. அதில் நிலை, முயன்ற தடவை, கடைசிப் பிழை. ஸ்கிரிப்ட் தொடங்கும்போதெல்லாம் முடியாத வரிகளை மட்டும் எடுக்கட்டும். மழைத் தரவை எழுதுவதும் 'முடிந்தது' என்று குறிப்பதும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் நடக்க வேண்டும் (நடந்தால் இரண்டும் நடக்கும், இல்லையேல் இரண்டுமே நடக்காது), இல்லாவிட்டால் குறித்த பிறகு தரவு எழுதுவதற்குள் கணினி நின்றுபோனால் அந்த ஆண்டு சத்தமில்லாமல் காணாமல் போய்விடும், நீங்கள் வரைபடம் போடும்போதுதான் தெரியவரும். பைலாகச் சேமிப்பவர்கள் தற்காலிகப் பெயரில் முழுதாக எழுதிவிட்டு அப்புறம் பெயரை மாற்றுங்கள்.

எல்லாப் பிழையையும் ஒரே மாதிரி நடத்துவதுதான் பெரிய தொல்லை. சேர்வரிடமிருந்து 429 (அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள்), 503 (இப்போது முடியாது) என்ற பதில் வந்தால் பொறுக்க வேண்டும்: சேர்வர் ரீட்ரை-ஆஃப்டர் என்று நேரம் சொன்னால் அதன்படி, சொல்லாவிட்டால் 2, 4, 8 செக்கன் என்று கூட்டி, கொஞ்சம் ரேண்டமாகவும் சேர்த்து. 400, 404 என்றால் பெரும்பாலும் நாம் கேட்டதுதான் பிழை, குறித்துவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.

இணைப்பே இல்லாதது வேறு கதை. கரண்ட் போனதும் ரவுட்டர் அணைந்துவிடும், ஆனால் லெப்டொப் பற்றரியில் ஓடிக்கொண்டே இருக்கும், ஸ்கிரிப்ட்டும் ஒவ்வொரு வரியாக முயன்று தோற்று, கரண்ட் வருவதற்குள் எல்லாவற்றையும் 'கைவிட்டது' என்று எழுதி முடித்திருக்கும். அது அந்த வரியின் குற்றமில்லையே. ஆகவே இணைப்புப் பிழையை முயற்சிக் கணக்கில் சேர்க்காமல், இணைப்பு வரும்வரை முழு ஸ்கிரிப்ட்டையும் நிறுத்தி வையுங்கள்.

இணையத்திலிருந்து எடுக்க உதவும் பைத்தனின் ரிக்வெஸ்ட்ஸுக்கு டைம்அவுட் (பதிலுக்குக் காத்திருக்கும் எல்லை) நீங்கள் கொடுத்தால்தான் உண்டு. கொடுக்காவிட்டால் பதில் வராத ஒரு கோரிக்கையிலேயே விடியும்வரை தொங்கிக்கொண்டிருக்கும்.

சேர்வர் 200 (எல்லாம் சரி) என்று சொன்னாலும் உடனே நம்பாதீர்கள். ஆண்டுக்கு 365 அல்லது 366 நாள் இருக்கிறதா என்று எண்ணுங்கள். தரவு இல்லாத நாளுக்குப் பவர் தளம் -999 என்று தரும், நடப்பு ஆண்டில் அது கட்டாயம் இருக்கும், அந்த வரியை முடிந்ததாகக் குறிக்க வேண்டாம்.

கடைசியில் சோதனை. கொன்ட்ரோல்-சி போதாது, அது பைத்தனுக்கு ஒழுங்காக மூடிக்கொள்ள அவகாசம் தரும். ஓடும்போதே கில் -9 (அவகாசமே தராமல் நிறுத்தும் கட்டளை) கொடுங்கள், இன்னொரு தடவை ரவுட்டர் பிளக்கைப் பிடுங்குங்கள், பிறகு திரும்ப ஓடவிட்டு ஒரே நாள் இரண்டு தரம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.