வாடிக்கையாளர் சொன்ன தேவை புரியவில்லையா? பில் உதாரணத்தை வைத்துக் கேளுங்கள்

கொழும்பு புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் முதலாளி ஒருவர் பில்லிங் சிஸ்டத்துக்குச் சொன்ன தேவை இவ்வளவுதான்: "கடன் கூடின ஆளுக்கு பில் போகக் கூடாது." இதை அப்படியே பேக்லொக்கில் (செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலில்) போட்டால் டெமோ நாளில் சண்டைதான். யூசர் ஸ்டோரி, அதாவது பயனாளருக்கு என்ன வேண்டும், ஏன் என்று சொல்லும் சிறு குறிப்பு, எழுதத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் நாலு நிறத்தில் ஸ்டிக்கி நோட் வாங்குங்கள். மஞ்சளில் ஸ்டோரி, நீலத்தில் விதி, பச்சையில் உதாரணம், சிவப்பில் பதில் கிடைக்காத கேள்வி. மென்பொருள் துறைக்காரர் மாட் வின் கொண்டுவந்த எக்ஸாம்பிள் மேப்பிங் (உதாரணங்களை வைத்துத் தேவையைப் பிரித்துப் பார்க்கும் முறை) இதுதான், ஒரு ஸ்டோரிக்கு 25 நிமிடம் போதும் என்பது அவர் கணக்கு. வேலைகளைப் பதியும் மென்பொருளான ஜிராவை இப்போது திறக்கவே வேண்டாம், பெட்டிகளை நிரப்பத் தொடங்கினால் பேச்சு நின்றுவிடும்.

அடுத்ததுதான் சறுக்கும் இடம். "லிமிட் தாண்டினால் நிறுத்தவா?" என்று கேட்டால் முதலாளி "ஓம் ஓம்" என்பார். வாசலில் லொறி நிற்கிறது, அவருக்கு எதைக் கேட்டாலும் ஓம்தான். அதனால் ஓம், இல்லை என்று முடிகிற கேள்வியே கேட்காதீர்கள். கடன் கொப்பியைத் திறக்கச் சொல்லி, கடைசியாக யாருக்குச் சரக்கு மறுத்தீர்கள் என்று கேளுங்கள். அப்புறம் எண்களை வையுங்கள்: லிமிட் 500,000 ரூபாய், பாக்கி 480,000, புது பில் 18,000. தாண்டவில்லை. 18 வீத வற் வரி சேர்த்தால் பில் 21,240, தாண்டிவிட்டது. இப்போது என்ன செய்வீர்கள்?

"அவர் பழைய ஆள், குடுக்கலாம்" என்று பதில் வரும். சரி, யார் அனுமதிப்பது? முதலாளி மட்டுமா, கவுண்டரில் இருக்கும் தம்பியுமா? அடுத்த மாதத் திகதி போட்ட செக் கையில் இருந்தால் பாக்கியில் கழியுமா, அது திரும்பி வந்தால்? இந்த இடத்தில் அவரே யோசிக்கத் தொடங்கி கணக்குப் பிள்ளையைக் கூப்பிடுவார். அவருக்கும் தெரியாததெல்லாம் சிவப்புக்குப் போகட்டும்.

பச்சைத் தாள் ஒவ்வொன்றும் ஒரு அக்செப்டன்ஸ் கிரைட்டீரியா, அதாவது வேலை சரி என்று ஏற்பதற்கான நிபந்தனை: இன்ன நிலையில், இதைச் செய்தால், இது நடக்க வேண்டும். சிவப்பு குவிந்து கிடந்தால் ஸ்டோரியை அந்த ஸ்பிரிண்டுக்குள் (குழு வேலை செய்யும் குறுகிய காலச் சுற்றுக்குள்) எடுக்காதீர்கள். நீலம் கூடினால் ஸ்டோரியை உடையுங்கள்.

பின்சேர்த்தது: வாடிக்கையாளர் லண்டனில் இருந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். மிரோ என்ற இணைய வெண்பலகை எனக்குப் பிடிக்கும், ஆனால் அவரை லொகின் பண்ண வைப்பதற்குள் கூட்டமே முடிந்துவிடும். கூகுள் ஷீட்டில் நாலு நிரல் போட்டுத் திரையைப் பகிருங்கள். நமக்குக் காலை ஒன்பது என்றால் அங்கே விடிந்திருக்காது, ஆகவே சிவப்புக் கேள்விகளை முதல்நாள் பின்னேரமே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், ஒரு செய்திக்கு ஒரு கேள்வி. ஐந்தைச் சேர்த்து அனுப்பினால் முதலாவதுக்கு மட்டும்தான் பதில் வரும்.