உறக்கநிலைக்குப் பின் கறுத்த திரை: காரணத்தைக் கண்டறிந்த விதம்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலைப் புதுப்பித்த பிறகு, என் மடிக்கணினி உறக்கநிலையிலிருந்து மீளும்போதெல்லாம் திரை கறுப்பாகவே நின்றது. கேப்ஸ் லாக் விளக்கு விசைக்கேற்ப எரிந்து அணைந்ததாலும், வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு வழியாக உள்ளே நுழைய முடிந்ததாலும், இயங்குதளம் முடங்கவில்லை, கோளாறு திரைக் காட்சியை இயக்கும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவரின் பக்கம்தான் என்று ஊகித்தேன். கெர்னல் பதிவிலும், திரைக்கான லிங்க் டிரெய்னிங் (திரையுடன் இணைப்பை ஒத்திசைக்கும் தொடக்கப் படி) தோல்வியடைந்ததாக ஒரு வரி இருந்தது. பழைய கெர்னலில் இந்தச் சிக்கலே இல்லை.

அடுத்து, உறக்கநிலையைப் பகுதி பகுதியாகச் சோதிக்க உதவும், கெர்னலின் பவர் கோப்பகத்தில் உள்ள பிஎம்_டெஸ்ட் கோப்பில் ‘டிவைசஸ்’ என்று எழுதிச் சோதித்தேன். இந்த நிலையில் கெர்னல் சாதனங்களை மட்டும் உறங்கவைத்து, இயல்பாக 5 விநாடிகளில் எழுப்பிவிடும்; அப்போதும் திரை கறுத்ததால் ஃபர்ம்வேர் (வன்பொருளில் பதிந்துள்ள மென்பொருள்) மீதான சந்தேகம் நீங்கியது. பலரும் தவறவிடும் அருமையான வசதி இது.

பிறகு, பழைய, புதிய கெர்னல்களுக்கு இடையே கோளாறைக் கொண்டுவந்த மாற்றத்தைத் தேடும் கிட் பைசெக்ட் கருவியின் தேடலை, கிராபிக்ஸ் டிரைவர்கள் இருக்கும் டிஆர்எம் கோப்பகத்துக்குள் சுருக்கிக்கொண்டேன். ஒவ்வொரு படியிலும் தேடல் பாதியாகக் குறைவதால், 1,000 மாற்றங்கள் இருந்தாலும் ஏறத்தாழ 10 சோதனைகளே தேவைப்படும். ஆனால் ஒரு கெர்னலைத் தவறாக ‘நல்லது’ என்று குறித்துவிட்டால் தேடல் முழுவதும் திசைமாறிவிடும் என்பதால், திரை பலமுறை தொடர்ந்து மீண்ட பிறகே அவ்வாறு குறித்தேன். இறுதியில் சிக்கியது, திரைக்கு மின்சாரம் கொடுத்தபின் காத்திருக்கும் நேரத்தைக் குறைத்த ஒரு சிறிய மாற்றம். புதிய கெர்னலில் அதை மட்டும் திரும்பப் பெற்றுத் தொகுத்ததும் திரை ஒழுங்காக மீண்டது. அந்த மாற்றத்தின் அடையாள எண்ணையும் இரு கெர்னல்களின் பதிவுகளையும் சேர்த்து டிரைவர் பராமரிப்பாளர்களுக்கு அனுப்பினேன்.