வருகை ஆப், வாட்ஸ்அப் குரூப், ஓ.டி.பி.: ஹெச்.ஆர். வேலையில் போன் காலை வாரும் இடங்கள்

ஐம்பது பேர், நூறு பேர் வேலை செய்யும் நிறுவனங்களில் போன் நிர்வாகத்துக்குள் வந்தது யாரும் உட்கார்ந்து எடுத்த முடிவல்ல. சூப்பர்வைசர் ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தார். ஆட்கள் அதிலேயே லீவு சொல்லத் தொடங்கினார்கள். பி.எஃப். தளத்தில் எண் கேட்டபோது கணக்கர் தன் எண்ணைக் கொடுத்தார். கொரோனா வந்ததும் கைரேகை மெஷினை நிறுத்திவிட்டு ஆப் வாங்கினார்கள். இன்று வருகை, விடுப்பு, சம்பளம், அரசுத் தளங்களின் சாவி என எல்லாமே யாரோ ஒருவரின் சொந்த போனில் கிடக்கின்றன. போன் ஆளுடையது, பதிவு நிறுவனத்துடையது. இரண்டையும் பிரித்து வைக்காததில்தான் கீழே வரும் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

மேஜையில் உட்கார்ந்தபடியே எல்லை போடுவது

வருகை ஆப்பில் நிறுவனத்தின் இடத்தைக் குறிக்கும்போது, மேப்பில் பெயர் காட்டும் புள்ளியை அப்படியே எடுத்துக்கொண்டு, சுற்றி 30 மீட்டர் என்று போட்டுவிடுகிறார்கள். அந்த எல்லைக்குள் நின்றால்தான் ஆப் வருகையை ஏற்கும். திறந்த வானத்தின் கீழ் போன் ஏறத்தாழ 5 மீட்டர் வரை சரியாகக் காட்டும். தகரக் கூரை ஷெட்டுக்குள்ளோ உயரமான கட்டடங்களுக்கு நடுவிலோ அந்தக் கணக்கு நிற்காது. ஆள் அசையாமல் இருந்தாலும் வரைபடத்தில் புள்ளி தாவிக்கொண்டே இருக்கும். ஆண்ட்ராய்டுக்கு ஆப் எழுதுபவர்களுக்கான கூகுளின் வழிகாட்டியே, எல்லையின் ஆரம் குறைந்தது 100 முதல் 150 மீட்டர் இருக்கட்டும் என்கிறது.

அளந்து பார்க்க அரை நாள் வேலைதான். கேட், ஷெட்டின் நடு, கேண்டீன், பின்பக்கம் லோடு ஏற்றும் இடம் என நான்கு இடங்களில் நின்று, மலிவான போன் ஒன்றிலும் நல்ல போன் ஒன்றிலும், பகல் ஷிஃப்டிலும் இரவு ஷிஃப்டிலும் பதிவு போட்டுப் பாருங்கள். கிடைத்ததில் மிக மோசமான விலகலைவிடச் சற்றுக் கூடுதலாக ஆரத்தை வையுங்கள். பக்கத்து டீக்கடையும் எல்லைக்குள் வந்துவிடுமே என்று கவலைப்படுவார்கள். வரட்டும். டீக்கடையில் நின்று பதிவு போடுபவரைப் பிடிக்க சூப்பர்வைசர் இருக்கிறார். வேலைக்கு வந்தவரை வரவில்லை என்று எழுதிவிட்டால் சரிசெய்ய யாரும் இல்லை.

அனுமதிப் பெட்டியைச் சொல்லிக்கொடுக்காமல் விடுவது அடுத்தது. ஆண்ட்ராய்டு 12 முதல், இருப்பிட அனுமதி கேட்கும்போது ‘துல்லியம்’, ‘தோராயம்’ என்று இரண்டு வட்டங்கள் வருகின்றன. தோராயத்தைத் தொட்டுவிட்டால், ஏறத்தாழ 3 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் எங்கோ இருக்கிறார் என்பது மட்டுமே ஆப்புக்குத் தெரியும். 8.55-க்குக் கேட்டில் நிற்பவரின் திரையில் ‘எல்லைக்கு வெளியே இருக்கிறீர்கள்’ என்று வரும். ஆப்பை மூடித் திறப்பார், டேட்டாவை அணைத்துப் போடுவார், செக்யூரிட்டியிடம் நீட்டுவார். மணி 9.10 ஆகிவிடும். மாதக் கடைசியில் இப்படி மூன்று நாள் சேர்ந்தால் அரை நாள் சம்பளம் போகும். தவறு ஒரு வட்டத்தில், தண்டனை ஆளுக்கு. ஆப்பை நிறுவும் நாளிலேயே ஒவ்வொரு போனையும் கையில் வாங்கி, துல்லியம், ‘ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்’ ஆகிய இரண்டும் தேர்வாகியிருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

ஆப் விற்பவரிடம் கேட்க வேண்டியவை இரண்டு உண்டு. நேரத்தை போனின் கடிகாரத்திலிருந்து எடுக்கிறதா, சர்வரிலிருந்து எடுக்கிறதா? போனில் மணியைத் திருப்பி வைக்க ஐந்து விநாடி போதும். போலி இருப்பிடம் காட்டும் ஆப் ஓடினால் இது கண்டுபிடிக்குமா? போன் வழியாக வந்த இருப்பிடம் போலியா என்று கேட்டறியும் வசதி ஆண்ட்ராய்டிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்தாத ஆப் என்றால் வாங்காதீர்கள். நெட் போகும் நாளுக்கு ஒரு நோட்டும் வேண்டும். அதில் அன்றைக்கே கையெழுத்து விழ வேண்டும். மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதும் திருத்தங்கள்தான் சண்டையில் முடிகின்றன.

எல்லோரும் ஒரே கேட் வழியாக வரும் நிறுவனத்துக்கு எண்பது போன்களில் ஆப் எதற்கு என்பதே எங்கள் கேள்வி. கேட்டில் ஒரு டேப்லெட்டைப் பூட்டி மாட்டினால் மேலே சொன்ன தலைவலி முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

நாள் முழுக்கப் பின்தொடர்வது

வெளியே சுற்றும் விற்பனை ஆட்கள், சர்வீஸ் ஆட்கள் விஷயத்தில் ஆப்பை 24 மணி நேரமும் ஓடவிடுகிறார்கள். பேட்டரி மதியத்துக்குள் தீர்கிறது, ஆள் லொக்கேஷனை அணைத்துவிடுகிறார், அதன் பிறகு விளக்கம் கேட்கும் படலம். கடைக்குள் நுழையும்போது ஒரு பதிவு, கிளம்பும்போது ஒரு பதிவு. பயணப்படிக் கணக்குக்கும் வேலைக் கணக்குக்கும் இவ்வளவு போதும். லீவு நாளில் ஒருவர் எந்த ஊரில் இருந்தார் என்பது நிறுவனத்திடம் இருக்கவே கூடாத தகவல்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முதன்மையான கடமைகளுக்கு அன்றிலிருந்து 18 மாத அவகாசம் கொடுக்கப்பட்டது. வேலை சார்ந்த தேவைகளுக்குச் சட்டம் கொஞ்சம் இடம் கொடுக்கிறதுதான், ஆனால் விருப்பம்போல் திரட்ட அது உரிமம் ஆகாது. ஒப்புதல் கேட்டு எடுக்கும் தகவலுக்கு, எதை எடுக்கிறோம், எதற்கு என்பதைச் சொல்லும் அறிவிப்பை அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள தமிழ் போன்ற மொழிகளிலும் படிக்க வழி இருக்க வேண்டும். எனவே தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பதை இப்போதே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

குரூப்பை அலுவலகப் பதிவேடாக நினைப்பது

‘சார் இன்னிக்கு வரல, காய்ச்சல்’ என்று காலை 7.40-க்கு ஒரு செய்தி. கீழே ஆறு ‘குட் மார்னிங்’ படங்கள். அதற்கும் கீழே சூப்பர்வைசரின் கட்டைவிரல். அது காய்ச்சலுக்கு அனுமதியா, குட் மார்னிங்குக்கு வாழ்த்தா என்று சம்பளம் போடும் நாளில் யாராலும் சொல்ல முடியாது. செய்தி தகவலாக இருக்கட்டும். அன்று மாலைக்குள் அது விடுப்புப் பதிவேட்டிலோ ஷீட்டிலோ ஏற வேண்டும். ஏற்றும் பொறுப்பு யாருடையது என்பதைப் பெயரோடு முடிவு செய்யுங்கள்.

ஓ.டி. (மிகை நேர வேலை) விஷயத்தில் இது பணமாகவே திரும்பி வரும். இரவு 9.30-க்கு ‘காலையில் 6 மணிக்கு லோடு வருது, நாலு பேர் வாங்க’ என்று போட்டுவிட்டு, பதிவேட்டில் வழக்கமான 8 மணி நேரத்தை எழுதுகிறார்கள். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலும் சரி, 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களிலும் சரி, மிகை நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம்தான். தாவா என்று வந்தால் நிறுவனத்துக்கு எதிரான சாட்சி, நிறுவனம் போட்ட அதே செய்திதான்.

தொழிலாளிக்கும் ஒரு எச்சரிக்கை: வாட்ஸ்அப்பில் அனுப்பியவர் இரண்டரை நாள் வரை செய்தியை எல்லோர் போனிலிருந்தும் அழிக்க முடியும். வழக்கில் வெறும் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நீட்டினால் போதாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63-ஆம் பிரிவு மின்னணுப் பதிவோடு சான்றிதழும் கேட்கிறது.

குரூப்பில் சேர்த்த நொடியில் பெண் ஊழியர்களின் எண் எல்லார் கைக்கும் போய்விடுகிறது என்பதை யோசிப்பவர் குறைவு. அறிவிப்பு மட்டும் போட வேண்டும் என்றால் வாட்ஸ்அப் கம்யூனிட்டியின் அறிவிப்புக் குரூப் போதும். அதில் உறுப்பினர்களுக்குள் எண் தெரியாது. இரவு நேரத் தனிச் செய்திகளும் 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டத்தின் கீழ் புகாராகலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால், இத்தகைய புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு கட்டாயம். ‘அது வெளியில நடந்தது, போன்ல நடந்தது’ என்று ஹெச்.ஆர். கைகழுவ முடியாது.

ஆதார் படங்கள்

புதிதாகச் சேர்பவரிடம் ‘ஆதார், பாஸ்புக் வாட்ஸ்அப்ல அனுப்புங்க’ என்கிறோம். படம் ஹெச்.ஆர். ஆளின் கேலரியில் இறங்கி, அங்கிருந்து அவருடைய சொந்த கூகுள் கணக்குக்கு பேக்கப் ஆகிறது. அவர் வேலையை விட்டுப் போகும்போது நானூறு பேரின் ஆதாரும் கூடவே போகிறது. நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கோ படிவத்துக்கோ வாங்குங்கள். முழு எண் தேவைப்படாத இடங்களில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதார் போதும். தரவைப் பாதுகாக்கத் தவறினால் மேலே சொன்ன தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராத உச்சவரம்பு 250 கோடி ரூபாய். சிறு நிறுவனத்துக்கு அவ்வளவு வராது என்று வைத்துக்கொண்டாலும், படித்ததும் கேலரியைத் திறந்து பார்க்கத் தோன்றும் தொகை அது.

காண்ட்ராக்ட் ஆட்களிடம் இன்னொரு பழக்கம் இருக்கிறது. முப்பது பேருக்கும் காண்ட்ராக்டரின் ஒரே எண். 2025 ஆகஸ்ட் முதல் புதிய யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினரின் நிரந்தர எண்) எடுக்க அரசின் உமங் ஆப்பில் ஆளின் முகமே வேண்டும், ஆதாரோடு இணைந்த எண்ணுக்கு ஓ.டி.பி.யும் வரும். வேலைக்கு எடுக்கும் அன்றே ஆளின் சொந்த போன் எண் ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் ஆதார் மையம், பிறகுதான் மற்ற படிவங்கள்.

முழு போனையும் துடைப்பது

மெயிலைச் சொந்த போனில் திறக்க அனுமதித்து, வேலையை விட்டதும், போன்களைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் மென்பொருளிலிருந்து ‘வைப்’ (wipe), அதாவது அழிக்கும் கட்டளை, கொடுக்கிறார்கள். போன் முழுவதும் நிறுவனக் கட்டுப்பாட்டில் சேர்க்கப்பட்டிருந்தால், குழந்தையின் பிறந்தநாள் படங்கள் உட்பட எல்லாம் போய்விடும். ஆண்ட்ராய்டில் ‘வேலை சுயவிவரம்’ தனியாக இருக்கிறது. அதற்குள் உள்ள ஆப்களில் சின்னப் பெட்டி அடையாளம் தெரியும். அதை மட்டும் நீக்கினால் போதும்.

கடைசி நாளில் மறப்பது

2019-ஆம் ஆண்டு ஊதியத் தொகுப்புச் சட்டப்படி, விலகினாலும் நீக்கினாலும் இரண்டு வேலை நாளுக்குள் ஊதியத்தைக் கொடுத்துவிட வேண்டும். பணத்தை முடித்துக் கொடுத்து அனுப்பிய பிறகு ‘தம்பி, ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுப்பா’ என்று கெஞ்சும் நிறுவனங்கள் நிறைய. நிறுவனத்தின் பெயரில் ஒரு சிம், அலுவலகத்திலேயே இருக்கும் ஒரு போன், ஒரு பொது மின்னஞ்சல். பி.எஃப்., இ.எஸ்.ஐ., ஜி.எஸ்.டி., வங்கி எல்லாவற்றிலும் இவற்றை மாற்றிவிடுங்கள். விற்பனை ஆட்களுக்கும் நிறுவன சிம்மே கொடுத்தால், அவர்கள் போகும்போது வாடிக்கையாளர்கள் கூடப் போகமாட்டார்கள்.

மாற்றியாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒவ்வொரு தளத்திலும் ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்பதை அழுத்துங்கள். எந்த போன் ஒலிக்கிறது என்று பாருங்கள்.