விண்டோஸ் 3.1-க்குப் புது டெஸ்க்டாப்: ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும்

விண்டோஸ் 3.1-ஐத் திறந்ததும் கண்ணில் படுவது ப்ரோகிராம் மேனேஜர். ஒரு பெரிய ஜன்னல், அதற்குள் சின்னச் சின்னப் பெட்டிகள், பெட்டிக்குள் ஐகான்கள். பெட்டிக்குள் இன்னொரு பெட்டியை வைக்க முடியாது. ஒரு பெட்டியில் 50 ஐகானுக்கு மேல் ஏறாது, பெட்டிகளும் 40-ஐத் தாண்டாது. ஃபைலைத் தேடிப் பார்க்க ஃபைல் மேனேஜர் என்று தனியாக ஒரு ஆள். இந்த இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை ரொம்பக் குறைவு.

1990 மே மாதம் விண்டோஸ் 3.0 வந்தது, 1992 ஏப்ரலில் 3.1. அந்தச் சில வருடங்களில் இந்தக் குறையை வைத்தே ஒரு சந்தை உருவானது. நார்டன் டெஸ்க்டாப் மாதிரியான பெரிய தொகுப்புகள் கடையில் பெட்டி போட்டு விற்றன. அந்த விலை கையைக் கடிக்கிறது என்றவர்களுக்கு ஷேர்வேர் இருந்தது. முதலில் வாங்கி ஓட்டிப் பார், பிடித்திருந்தால் காசு அனுப்பு. 1982-இல் ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன், ஜிம் நாஃப் ஆகிய இரண்டு அமெரிக்கர்கள் தனித்தனியாக ஆரம்பித்து வைத்த முறை அது. தனியாள் ஒருவர் வீட்டில் உட்கார்ந்து எழுதிய மென்பொருள், ஒரு ஃப்ளாப்பியில் கை மாறிக் கை மாறி ஊர் சுற்றும்.

இந்தப் பதிவில் நாம் போடப்போவது கால்மிரா. இது கறாரான அர்த்தத்தில் ஷேர்வேர் அல்ல, முழு இலவசம். ஆனால் வேலை அதேதான்: ப்ரோகிராம் மேனேஜரை ஓரங்கட்டிவிட்டு டாஸ்க்பார், ஸ்டார்ட் மெனு, டெஸ்க்டாப் ஐகான், குப்பைத்தொட்டி, ஃபைல் தேடும் வசதி எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகத் தருவது. லி-ஷின் ஹுவாங் என்பவர் டெல்ஃபி என்ற நிரலாக்கக் கருவியின் முதல் பதிப்பில் எழுதி, 1997 வாக்கில் வெளியிட்டார். விண்டோஸ் 95 வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தாலும், 4 எம்பி நினைவகத்தோடு இருந்த 386 கணினிகளில் 95 நொண்டியடித்துக்கொண்டுதான் ஓடியது. அப்படிப்பட்ட கணினிக்கு 95-இன் முகத்தை மட்டும் கொண்டுவந்தது கால்மிரா. அவர் மூல நிரலையும் கொடுத்திருந்ததால், பிறகு தன்னார்வலர்கள் எடுத்து கால்மிரா 2 என்று வளர்த்தார்கள். இன்றைக்குச் சீரியல் நம்பர் தேடி அலையாமல் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல ஆள் கிடையாது.

ஒரு விஷயம். கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

படி 1: விண்டோஸ் 3.1-க்கு ஒரு வீடு

பழைய கணினி தேவையில்லை. டாஸ்பாக்ஸ் போதும்: விண்டோஸ் 3.1-க்கு அடியில் ஓடிய டாஸ் என்ற பழைய இயங்குதளத்தை இன்றைய கணினியில் பாவனை செய்து காட்டும் மென்பொருள் அது. உங்கள் கணினியில் "பழசு" என்கிற மாதிரி ஆங்கிலத்தில் ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். டாஸ்பாக்ஸின் கான்ஃபிக் ஃபைலைத் திறந்து, கடைசியில் இருக்கும் ஆட்டோஎக்ஸெக் பகுதியில் இரண்டு வரி: முதல் வரியில் மவுண்ட், ஓர் இடைவெளி, சி, ஓர் இடைவெளி, அந்த ஃபோல்டரின் முழுப் பாதை. அடுத்த வரியில் சி-யும் முக்காற்புள்ளியும் மட்டும். இனி டாஸ்பாக்ஸ் திறக்கும்போதெல்லாம் அந்த ஃபோல்டர்தான் அதற்குச் சி டிரைவ். உங்கள் உண்மையான சி டிரைவை முழுசாக மவுண்ட் செய்துவிடாதீர்கள். உள்ளே எதையாவது அழித்தால் நிஜமாகவே அழிந்துபோகும்.

உங்களிடம் இருக்கும் அசல் விண்டோஸ் 3.1 ஃப்ளாப்பிகளில் உள்ள எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டி, அதிலிருந்து செட்டப் என்று தட்டினால் டிஸ்க் மாற்றச் சொல்லித் தொந்தரவு செய்யாது. எக்ஸ்பிரஸ் முறையைத் தேர்ந்தெடுங்கள். பிரிண்டர் இல்லை என்று சொல்லிவிடுங்கள். முடிவில் ரீபூட் செய்யவா, டாஸுக்குத் திரும்பவா என்று கேட்கும், டாஸுக்குத் திரும்புங்கள். பிறகு விண்டோஸ் ஃபோல்டருக்குள் போய் வின் என்று தட்டினால் ப்ரோகிராம் மேனேஜர் வந்து நிற்கும்.

மவுஸ் டாஸ்பாக்ஸ் ஜன்னலுக்குள் மாட்டிக்கொண்டால் கன்ட்ரோலும் எஃப்10-உம் சேர்த்து அழுத்துங்கள், வெளியே வந்துவிடும்.

படி 2: காப்புப் பிரதி

ப்ரோகிராம் மேனேஜரில் இருந்து விண்டோஸை மூடுங்கள், டாஸ்பாக்ஸையும் மூடுங்கள். உங்கள் "பழசு" ஃபோல்டரை அப்படியே இன்னொரு பெயரில் காப்பி எடுங்கள். அவ்வளவுதான். அந்தக் காலத்தில் இதற்கு ஒரு கட்டு ஃப்ளாப்பி வேண்டும்.

படி 3: சீட்டாட்டத்தை டெஸ்க்டாப் ஆக்குவோம்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். இது புரிந்துவிட்டால் மீதியெல்லாம் வெறும் காப்பி-பேஸ்ட்.

விண்டோஸுக்குள் போய், ஃபைல் மெனுவில் ரன் தேர்ந்தெடுத்து, நோட்பேட் என்று தட்டி ஓர் இடைவெளி விட்டு சிஸ்டம்.ஐஎன்ஐ என்று தட்டுங்கள். திறக்கிற ஃபைலில் மேலேயே சதுர அடைப்புக்குறிக்குள் பூட் என்ற தலைப்பு இருக்கும். அதன் கீழே ஷெல்=ப்ராக்மேன்.இஎக்ஸ்இ என்றொரு வரி. ப்ராக்மேன் என்பது ப்ரோகிராம் மேனேஜரின் ஃபைல் பெயர். நீங்கள் விண்டோஸ் என்று நினைத்துக்கொண்டிருந்த முகம் மொத்தமும் அந்த ஒரு வரிதான். விண்டோஸ் எழுந்ததும் "யாரை வாசலில் நிறுத்தலாம்?" என்று இந்த வரியைப் பார்க்கும். யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் வாசலில். ப்ரோகிராம் மேனேஜருக்கென்று தனி மரியாதை எதுவும் கிடையாது.

நம்பவில்லையா? அந்த வரிக்கு முன்னால் ஓர் அரைப்புள்ளி போடுங்கள். அரைப்புள்ளியில் தொடங்கும் வரியை விண்டோஸ் கண்டுகொள்ளாது, ஆனால் பழைய வரி பத்திரமாக அங்கேயே இருக்கும். அதற்குக் கீழே புதிதாக ஷெல்=சால்.இஎக்ஸ்இ என்று எழுதி, சேமித்து, விண்டோஸை மூடி மறுபடி வின் தட்டுங்கள்.

இப்போது திரையில் சாலிட்டேர் மட்டும். பெட்டி இல்லை, மெனு இல்லை, வேறு எதையும் திறக்க வழியே இல்லை. பின்னணியில் எங்காவது இரட்டை க்ளிக் செய்தால் டாஸ்க் லிஸ்ட் வரும், அதிலும் சாலிட்டேர் ஒன்றுதான் இருக்கும். ஆட்டத்தை மூடுங்கள். "விண்டோஸை முடிக்கவா?" என்றுகூடக் கேட்காமல் நேராக டாஸில் போய் நிற்கும், ஏனென்றால் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தவரே ப்ரோகிராம் மேனேஜர்தான். ஷெல்லாக இருப்பவர் போனால் விண்டோஸும் போகும்.

சரி, எப்படித் திரும்புவது? விண்டோஸ் மூடியிருக்கும்போது, உங்கள் நிஜக் கணினியில் "பழசு" ஃபோல்டருக்குள் விண்டோஸ் ஃபோல்டரைத் திறந்து, அதே சிஸ்டம்.ஐஎன்ஐ-யைச் சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து, சால் வரியை அழித்து, அரைப்புள்ளியை எடுத்துவிடுங்கள். வேர்ட் மாதிரி எதிலும் திறந்து சேமிக்க வேண்டாம். இந்த மீட்பு வழியை இப்போதே ஒரு தடவை செய்து பழகிவிட்டால், பின்னால் எது சொதப்பினாலும் பயம் இருக்காது.

படி 4: மூட்டையைப் பிரிப்பது

கால்மிராவின் ஜிப் ஃபைலை உங்கள் நிஜக் கணினியிலேயே பிரித்து, "பழசு" ஃபோல்டருக்குள் கால்மிரா என்ற ஃபோல்டரில் போடுங்கள். பெயர் எட்டெழுத்தைத் தாண்டக் கூடாது, இடைவெளியும் கூடாது. ஆங்கிலத்தில் கால்மிரா ஏழெழுத்து, அதனால் தப்பித்தோம். டாஸ்பாக்ஸ் ஏற்கெனவே திறந்திருந்தால் புது ஃபோல்டர் அதன் கண்ணுக்குத் தெரியாது. கன்ட்ரோலும் எஃப்4-உம் அழுத்தினால்தான் மறுபடி எட்டிப் பார்க்கும்.

இந்த இடத்தில் ஒரு பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து எந்த ஜிப்பைப் பிரித்தாலும் முதலில் டெக்ஸ்ட் ஃபைல்களைத் திறந்து படியுங்கள். ரீட்மீ என்பது தெரிந்ததுதான். அதுபோக ஃபைல்_ஐடி.டிஐஇஸட் என்று ஒன்று இருந்தால், அது பிபிஎஸ் (மோடம் வைத்துத் தொலைபேசி வழியாக நுழைந்து ஃபைல் இறக்கிய கணினிகள்) பட்டியலில் காட்டுவதற்காக எழுதிய நாலு வரி அறிமுகம். வெண்டர் என்று இருந்தால், ஃப்ளாப்பி விற்பவர்கள் எந்த நிபந்தனையில் இதைப் பிரதி எடுக்கலாம் என்பது. ஆர்டர் அல்லது ரெஜிஸ்டர் என்று இருந்தால், அதுதான் காசு அனுப்பும் படிவம். அச்சடித்து, பேனாவால் நிரப்பி, செக் வைத்துத் தபாலில் அனுப்ப வேண்டும். ஷேர்வேர் தொகுப்பு எவ்வளவு கேட்கிறது, காசு கட்டாவிட்டால் எதை நிறுத்தி வைக்கும், எத்தனை நாள் பொறுக்கும் எல்லாம் இந்தத் தாள்களில்தான் இருக்கும். என் கணக்கில், ஒழுங்காக எழுதிய ரீட்மீ உள்ள மென்பொருள் பெரும்பாலும் ஒழுங்காகவே ஓடும்.

படி 5: முதலில் விருந்தாளியாக

நேராக ஷெல் வரியில் போட வேண்டாம். முதலில் ப்ரோகிராம் மேனேஜரின் ஹெல்ப் மெனுவில் அபவுட் திறந்து, கடைசியில் சிஸ்டம் ரிசோர்சஸ் எத்தனை சதவீதம் மிச்சம் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ரன் வழியாக, கால்மிரா ஃபோல்டரில் உள்ள கால்மிரா.இஎக்ஸ்இ-ஐச் சாதாரண மென்பொருள் போல ஓட்டுங்கள். கீழே பட்டை வரும், ஸ்டார்ட் பொத்தான் வரும். ஓட்டிக்கொண்டே மறுபடி அபவுட் திறந்து எண்ணைப் பாருங்கள். குறைந்திருக்கும்.

அந்த எண் நினைவகத்தின் அளவு அல்ல. ஜன்னல், மெனு, ஐகான், பிரஷ் போன்ற சமாச்சாரங்களைக் குறித்து வைக்க விண்டோஸ் ஒதுக்கும் சின்னச் சின்ன இடங்கள், ஒவ்வொன்றும் 64 கேபி. அவற்றில் எது அதிகம் நிரம்பியிருக்கிறதோ அதைத்தான் அந்தச் சதவீதம் காட்டுகிறது. 64 எம்பி ரேம் போட்டாலும் அந்த இடம் வளராது. அழகுக்கென்று பத்து விஷயம் சேர்க்கும் டெஸ்க்டாப் தொகுப்புகளை அன்றைய ஆட்கள் திட்டியதற்கு இதுதான் காரணம்: திரை பளபளவென்று இருக்கும், நாலாவது மென்பொருளைத் திறந்தால் நினைவகம் போதவில்லை என்று சொல்லும். ஒரு தொகுப்பு நல்லதா கெட்டதா என்று கேட்டால், நான் அதன் ஐகானைப் பார்க்க மாட்டேன், இந்த இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்ப்பேன்.

படி 6: வாசலில் நிறுத்துவது

பிடித்திருக்கிறதா? கால்மிராவை மூடிவிட்டு, மறுபடி சிஸ்டம்.ஐஎன்ஐ. ப்ராக்மேன் வரிக்கு முன் அரைப்புள்ளி, கீழே புது வரி: ஷெல்=, அதை ஒட்டியே கால்மிரா.இஎக்ஸ்இ-யின் முழுப் பாதை, சி டிரைவில் இருந்து தொடங்கி. சமக்குறிக்குப் பிறகு இடைவெளி வேண்டாம். பாதையை இரண்டு தடவை படித்துப் பாருங்கள். நான் முதல் தடவை ஓர் எழுத்தை விட்டுவிட்டு, விண்டோஸ் லோகோ வந்த வேகத்தில் டாஸுக்குத் திரும்பிப்போவதைப் பார்த்து, அரை மணி நேரம் டாஸ்பாக்ஸைத் திட்டிக்கொண்டிருந்தேன். தப்பு என் விரலில்.

வின் தட்டுங்கள். இனி கால்மிராதான் டெஸ்க்டாப்.

படி 7: புழங்குவது

விண்டோஸ் 95 தெரிந்தவருக்கு இதில் சொல்ல அதிகம் இல்லை. வலது க்ளிக் வேலை செய்யும், ஃபைல் ஜன்னலில் இருந்து எதையாவது இழுத்து டெஸ்க்டாப்பில் போட்டால் குறுக்குவழி உருவாகும். வித்தியாசப்படும் இடங்களை மட்டும் பார்ப்போம்.

குப்பைத்தொட்டி கால்மிராவின் சொந்தச் சரக்கு, விண்டோஸுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதனால் கால்மிரா வழியாக அழித்தது மட்டும்தான் தொட்டிக்குப் போகும். ஃபைல் மேனேஜரிலோ டாஸிலோ அழித்தால் போனது போனதுதான்.

ஒரு ஃபைலை இரட்டை க்ளிக் செய்தால் எதில் திறக்கும் என்பதை வின்.ஐஎன்ஐ-யில் எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற பகுதி தீர்மானிக்கும். டெக்ஸ்ட் ஃபைலுக்கு நோட்பேட் என்பது போல ஒவ்வொரு வாலுக்கும், அதாவது ஃபைல் பெயரில் புள்ளிக்குப் பின்னால் வரும் எழுத்துகளுக்கும், ஒரு வரி. புது வால் சேர்க்க வேண்டுமானால் இருக்கிற வரியைப் பார்த்து அதே பாணியில் ஒன்று எழுதுங்கள். நீளமான ஃபைல் பெயர்? கிடையாது. முகம் 95 ஆனாலும் உள்ளே இருப்பது டாஸ். எட்டெழுத்து, புள்ளி, மூன்றெழுத்து.

புதிதாக ஒரு மென்பொருளைப் போடும்போது இன்னொரு சிக்கல் வரலாம். அந்தக் கால செட்டப்கள், வேலை முடிந்ததும் "எனக்கு ஒரு பெட்டி உருவாக்கு" என்று ப்ரோகிராம் மேனேஜருக்கு டிடிஇ என்ற வழியில் செய்தி அனுப்பும். ஆள் வீட்டில் இல்லையென்றால் சில செட்டப்கள் முறைத்துக்கொண்டு நிற்கும். அப்படி ஆனால், ஸ்டார்ட் மெனுவின் ரன் வழியாக ப்ராக்மேன் என்று தட்டி அவரைக் கொஞ்ச நேரம் வரவழையுங்கள். செட்டப்பை ஓட்டுங்கள், அப்புறம் அவரை மூடிவிடலாம். இப்போது அவர் ஷெல் இல்லை என்பதால் மூடினாலும் விண்டோஸ் போகாது.

நாளின் முடிவில் டாஸ்பாக்ஸ் ஜன்னலை மேலே உள்ள பெருக்கல் குறியால் மூடாதீர்கள். ஸ்டார்ட் மெனுவில் இருந்து விண்டோஸை முடித்து, டாஸ் வந்ததும் எக்ஸிட் தட்டுங்கள். எல்லாம் ஒழுங்காக ஓடுகிற நிலையில் "பழசு" ஃபோல்டரை இன்னொரு காப்பி எடுத்து, பெயரில் கால்மிரா என்று சேர்த்து வையுங்கள். அடுத்து வேறு ஒரு ஷேர்வேர் டெஸ்க்டாப்பைப் போட்டுப் பார்க்க நினைத்தால், படி 2-இல் எடுத்த சுத்தமான காப்பியில் இருந்து ஆரம்பிக்கலாம்.