மாதவிடாய் நிற்கும் காலம்: நாங்கள் செய்யும் சில தவறுகள்

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் திருகோணமலையில் வியர்க்காத ஆள் கிடையாது. அதனால் நாற்பத்தைந்து வயதுப் பெண்ணொருத்தி "எனக்கு உடம்பெல்லாம் எரியுது" என்றால், "ஊருக்கே வெக்கை, உனக்கு மட்டுமா?" என்று வாயை அடைத்துவிடுவார்கள். அவளும் அப்படியே நம்பிவிடுவாள். ஆனால் இந்தச் சூடு வேறு. நெஞ்சிலோ கழுத்திலோ திடீரென்று கிளம்பி முகத்துக்கு ஏறும். சில நிமிடங்களில் வியர்த்துக்கொட்டி அடங்கும். சிலருக்கு அப்புறம் குளிர் நடுக்கமும் வரும். விடியப்புறம் மூன்று மணிக்கு ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும்போதும் வரும், மார்கழி மழையிலும் வரும். ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோன் குறையும்போது, மூளையில் உடற்சூட்டைக் கவனிக்கும் பகுதி சின்ன மாற்றத்துக்கும் பதறுவதுதான் காரணம்.

பெரும்பாலும் 45 முதல் 55 வயதுக்குள் மாதவிடாய் நின்றுவிடும். 12 மாதம் தொடர்ந்து வராவிட்டால்தான் நின்றது என்று கணக்கு. அதற்கு முந்திய சில ஆண்டுகள்தான் ஆட்டம் காட்டும்: முந்தி வரும், பிந்தி வரும், நித்திரை கெடும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். 40 வயதுக்கு முன்னரே நின்றால் "தொல்லை விட்டது" என்று இருந்துவிடக் கூடாது. எலும்பும் இதயமும் நெடுங்காலம் ஈஸ்ட்ரஜன் இல்லாமல் இருக்கவேண்டி வரும் என்பதால் டொக்டரிடம் காட்டத்தான் வேண்டும்.

என்னைக் கேட்டால், இரத்தப்போக்கைச் சாதாரணமாக எடுப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான தவறு. நின்று ஒரு வருடத்துக்கு மேலான பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும், "திரும்ப வந்திட்டுது போல" என்று விடக் கூடாது. பலருக்கு அது பெரிய விஷயமாக இராது. ஆனால் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயின் முதல் அடையாளமும் அதுவாகவே இருக்கலாம், ஆரம்பத்தில் பிடித்தால் நன்றாகக் குணமாகும். இன்னொன்று: "பாப் பரிசோதனை போன வருஷம்தான் செய்தேன், நல்லா இருந்தது" என்று ஆறுதல்படுவார்கள். அது கருப்பைக் கழுத்துக்கான பரிசோதனை. உட்சுவரைப் பார்க்க ஸ்கேன் வேண்டும், தேவைப்பட்டால் அங்கிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிப்பார்கள். நிற்பதற்கு முன்னரும், மணிக்கொரு தடவை துணி மாற்றும் அளவுக்கோ, கட்டி கட்டியாகவோ இரத்தம் போனால் அது வயசுக்கணக்கில் சேராது. இரத்தச்சோகை வந்துவிடும். கருப்பையில் கட்டி இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

இதோடு சேர்ந்த பழக்கம் ஒன்று. கோணேசர் கோயில் திருவிழா, பத்திரகாளி அம்மன் கோயில் விசேஷம், மகளின் கல்யாணவீடு என்று வந்தால், பார்மசியில் குளிசை வாங்கி மாதவிடாயைத் தள்ளிப்போடுவது. இருபத்தைந்து வயதில் போட்டோம், ஒன்றும் ஆகவில்லை, சரிதான். நாற்பத்தெட்டில் கதை வேறு. ஏற்கெனவே குழம்பிக்கிடக்கும் கணக்கு இன்னும் குழம்பும். காலில் இரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களுக்கு அந்தக் குளிசை ஆபத்து. மச்சாள் போட்டதை நீங்களும் போடாதீர்கள், டொக்டரைக் கேட்டே போடுங்கள்.

இந்த வயதில் பிள்ளை தங்காது என்ற நம்பிக்கையும் வேண்டாம். 50 வயதுக்கு மேல் நின்றால் ஒரு வருடம், அதற்கு முன் நின்றால் இரண்டு வருடம் குடும்பக்கட்டுப்பாடு தொடர வேண்டும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: எல்லாப் பழியையும் மாதவிடாய் நிற்பதன் தலையில் போடுவது. படபடப்பு, களைப்பு, உடல் பருப்பது, முடி கொட்டுவது எல்லாம் தைரொய்டாலும் வரும். தாகமும் அடிக்கடி சலம் போவதும் சீனி வருத்தமாக இருக்கலாம். நெஞ்சு இறுக்கம், மூச்சு வாங்குதல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் மாரடைப்பு ஆபத்து கூடுகிறது.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் நடக்கும் வெல் வுமன் கிளினிக் 35 வயது தாண்டிய பெண்களுக்கானது. இலவசம். பிரஷர், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து எல்லாம் பார்ப்பார்கள். எந்த நாள் என்று உங்கள் பகுதி மிட்வைஃபிடம் கேட்டால் சொல்லிவிடுவார். கர்ப்பிணிகள்தான் அங்கே போவார்கள் என்று நினைப்பவர்களை இன்னும் பார்க்கிறேன். போகும்போது மாதவிடாய் வந்த திகதிகளைக் கலண்டரில் குறித்துக் கொண்டுபோங்கள்.

சாப்பாட்டில் எங்கள் பெண்களின் பழக்கம் தெரிந்ததுதானே. நடுத்துண்டு மீன் பிள்ளைகளுக்கு, தலை அவருக்கு, தனக்கு மிஞ்சியது குழம்பும் கடைசிச் சோறும். இந்த வயதில்தான் எலும்பும் தசையும் வேகமாகக் கரைகின்றன. ஒரு நாளைக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் கல்சியம் வேண்டும். பால்மா போட்ட தேநீர் இரண்டு குடித்தால் அதில் சிறு பங்குதான் தேறும். நெத்தலியை முள்ளோடு சாப்பிடுங்கள். கருவாடாக இருந்தால் ஊறவைத்து உப்பை எடுத்துவிடுங்கள். குரக்கன், எள்ளு, முருங்கையிலை எல்லாம் இங்கே கிடைப்பவைதான். சோறு தின்ற கையோடு பிளேன்டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும், ஒரு மணித்தியாலம் பொறுங்கள்.

உடற்பயிற்சிக்கு ஜிம் தேவையில்லை. கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயில்வரை மான்களைப் பார்த்தபடி ஏறி இறங்கினாலே எலும்பை வலுவாக்கும் பாரம் அதற்குக் கிடைக்கும். கடலில் குளிப்பது மனதுக்கு நல்லது, எலும்புக்கு அது போதாது. மூட்டு வலிக்குக் கன்னியா வெந்நீர் இதம் என்பவர்கள் போகட்டும். உடற்சூடு அடிக்கடி வருகிறவர்களுக்கு அந்தச் சூடே அதைக் கிளப்பிவிடலாம்.

இந்தத் தொல்லைகளுக்குக் கொடுக்கும் ஹோர்மோன் மருந்து என்றாலே புற்றுநோய் என்ற பயம் 2002இல் வந்த அமெரிக்க ஆய்வுக்குப் பிறகு பரவியது. ஆனால் அதில் கலந்துகொண்ட பெண்களின் சராசரி வயது 63. 60 வயதுக்குட்பட்ட, அல்லது நின்று பத்து ஆண்டு தாண்டாத, வேறு வருத்தமில்லாத பெண்களுக்குப் பெரும்பாலும் நன்மையே கூட. மார்பகப் புற்றுநோயோ இரத்த உறைவோ வந்தவர்களுக்கு வழக்கமாகக் கொடுப்பதில்லை. கருப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரஜன் மட்டும் கொடுக்காமல் புரொஜெஸ்டரோன் வகை மருந்தும் சேர்ப்பார்கள்.

கடைசியாக, யாரும் வாய் திறக்காத ஒன்று: கீழே வரும் வறட்சி, உறவின்போது நோ, அடிக்கடி சலக்கடுப்பு. உடற்சூடு தானாக அடங்கும், இது அடங்காது, விட்டால் கூடும். உள்ளே பூசும் குறைந்த அளவு ஈஸ்ட்ரஜன் கிரீம் நன்றாக வேலை செய்யும், இரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கும். பெண் டொக்டரிடம்தான் சொல்லுவேன் என்றால் கிளினிக்கில் அப்படியே கேளுங்கள்.